அடுத்தவர் கடலுக்குப் போட்ட பாதை: ஸ்லோவேனியாவில் ஆறு நாள் ரயில் பயணம்

முதல் நாள்: லூப்லியானா

லூப்லியானா நிலையத்தின் நடைமேடையில் இறங்கியதும் என் பார்வை முதலில் மேலே போனது. தலைக்கு மேல் ஓடிய மின்கம்பி நல்ல தடிமனாக இருந்தது. தெற்கு ரயில்வேயில் இருபத்தெட்டு ஆண்டுகள் பாதைப் பராமரிப்பில் இருந்தவனுக்குத் தண்டவாளம்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் இந்த நாட்டைப் புரிந்துகொள்ள அந்தக் கம்பியிலிருந்து தொடங்குவதே சரி என்று இப்போது தோன்றுகிறது.

ஸ்லோவேனிய ரயில்பாதையில் ஓடுவது 3000 வோல்ட் நேர்மின்சாரம். அழுத்தம் குறைவாக இருப்பதால் ரயிலை இழுக்க அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. அதனால் கம்பி தடிக்கிறது, துணைமின் நிலையங்களும் நெருக்கமாக வர வேண்டியிருக்கிறது. வடக்கே ஆஸ்திரியாவில் 15,000 வோல்ட், கிழக்கே குரோவேஷியாவிலும் ஹங்கேரியிலும் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டுக்குள் பல பத்தாண்டுகள் குரோவேஷியாவோடு சேர்ந்திருந்தும் இங்கே மட்டும் ஏன் வேறு மின்சாரம் என்ற கேள்விக்கு விடை மேற்கே, இத்தாலியில் இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் பிறகு இந்நாட்டின் மேற்குப் பகுதி இத்தாலியின் கைக்குப் போனது. 1936-இல் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து போஸ்தோய்னா வரை இத்தாலியர்கள் தங்கள் முறைப்படி 3000 வோல்ட் கம்பியை இழுத்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து எல்லை மேற்கே நகர்ந்தபோது கம்பியும் கம்பங்களும் ஸ்லோவேனியர்களுக்கு வந்து சேர்ந்தன. பின்னர் போட்ட கம்பிகளும் அதே வழியில் போயின. ஒரு நாடு என்ன மின்சாரத்தில் ரயில் ஓட்டுகிறது என்பதைக்கூட எப்போதோ மறைந்துபோன ஓர் எல்லைக்கோடு முடிவு செய்திருக்கிறது.

நாடு சிறியது. பரப்பு 20,000 சதுர கிலோமீட்டரை ஒட்டி, மக்கள்தொகை ஏறத்தாழ 21 லட்சம், ரயில்பாதை சுமார் 1200 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மின்கம்பி. பாதைகள் அரசின் உடைமை. ஸ்லோவேன்ஸ்கே ஜெலெஸ்னிட்சே என்ற அரசு நிறுவனக் குடையின் கீழ், பாதையைப் பராமரித்துப் போக்குவரத்தை நடத்த ஒரு நிறுவனம், பயணிகள் ரயிலுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சரக்கு நிறுவனத்தின் 49 சதவீதப் பங்கு இப்போது செக் நாட்டுக் குழுமம் ஒன்றிடம் உள்ளது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சரக்குப் போக்குவரத்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருப்பதால், கோப்பெர் துறைமுகத்தின் பங்கோடு தொடங்கப்பட்ட அத்ரியா டிரான்ஸ்போர்ட், ஆஸ்திரிய ரயில்வேயின் கிளை நிறுவனம் போன்றவையும் இதே தண்டவாளத்தில் சொந்த எஞ்சின்களை ஓட்டுகின்றன. பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு முகமை மாரிபோர் நகரில் தனியாக இயங்குகிறது.

பிற்பகலில் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய எஞ்சின் கொட்டகையையே அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள். நீராவி எஞ்சின்கள் அரைவட்டமாக மூக்கை உள்நோக்கி நீட்டி நிற்கின்றன. பல எஞ்சின்களின் முதல் உரிமையாளர் வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ரயில்வே. இந்த ஊருக்கு ரயில் வந்தது 1849-இல். வியன்னாவிலிருந்து திரியெஸ்தே வரை 577 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை. ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரத்தைப் பேரரசின் முதன்மைத் துறைமுகத்தோடு இணைப்பதுதான் நோக்கம். லூப்லியானா வழியில் கிடைத்த ஊர். இந்த வாரம் முழுவதும் நான் போகப்போகும் பாதைகளில் அநேகமாக எல்லாமே இப்படிப் பிறர் தம் தேவைக்காக இந்த மண்ணைக் கடந்து போட்டவை என்பதை அங்கே நின்றபோது உணர்ந்தேன்.

இரண்டாம் நாள்: ஸிதானி மோஸ்த்

காலையில் கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். சாவா ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கில், ஆற்றை ஒட்டி இரட்டைப் பாதை வளைந்து வளைந்து செல்கிறது. இடையில் ஸாகோர்யே, திர்போவ்லே, ஹிராஸ்த்நிக் என்ற மூன்று சுரங்க ஊர்கள். ரயில் வந்த பிறகுதான் இங்கே நிலக்கரி வெட்டுவது பெருந்தொழிலாயிற்று. எஞ்சினுக்கு நிலக்கரி தேவை, நிலக்கரிக்கு எஞ்சின் தேவை என்று இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

ஸிதானி மோஸ்த் என்றால் கட்டிய பாலம் என்று பொருள். சாவாவும் சவீன்யாவும் கூடும் இடத்தில் மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சந்திப்பு நிலையம். ஊரில் நிலையத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. வியன்னா பாதை இங்கே வடக்கே திரும்புகிறது. 1862-இல் போட்ட ஸாக்ரெப் பாதை ஆற்றோடு கிழக்கே போகிறது. வளைவிலேயே கட்டிய கல்பாலங்கள் சவீன்யாவைத் தாண்டுகின்றன. வளைவில் கல்லால் வளைமாடம் கட்டுவது எவ்வளவு கடினம் என்பது கட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தூணும் மேலிருந்து பார்த்தால் ஆப்பு வடிவில் அமைய வேண்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு சரக்கு ரயில்கள் கடந்து போயின. ஒன்றை இழுத்துப் போனது சீமென்ஸின் 541 வகை எஞ்சின். மூன்று வகை மின்சாரத்திலும் ஓடக்கூடிய இந்த வகையில் 32 எஞ்சின்களை இந்நாடு வாங்கியிருக்கிறது. எல்லையைத் தாண்டும்போது எஞ்சின் மாற்றிக்கொண்டு நிற்க நேரமில்லாத சிறிய நாட்டுக்கு அது தேவையான செலவு.

மூன்றாம் நாள்: யெசெனிட்சேயிலிருந்து நோவா கோரிட்சா

இந்தப் பயணத்துக்கே காரணமாக இருந்த பாதை இது. யெசெனிட்சே ஆஸ்திரிய எல்லையில் உள்ள இரும்பாலை நகரம். அங்கிருந்து தெற்கே நோவா கோரிட்சா வரை 89 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை, மின்கம்பி இல்லை. நாளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பயணிகள் ரயில்கள். நான் ஏறியது சிறிய டீசல் ரயில். சைக்கிளோடு ஏறியவர்கள் பாதிப் பேர்.

தென் ரயில்வே தனியார் நிறுவனத்தின் கைக்குப் போய், திரியெஸ்தேக்கான கட்டணத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு மாற்றாக ஆஸ்திரிய அரசே போட்ட இரண்டாவது பாதை இது. ஆல்ப்ஸ் மலையின் இரண்டு தொடர்களைக் குடைந்தால்தான் கடலுக்குப் போக முடியும். கரவாங்கே மலைக்கு அடியில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், போஹின் மலைக்கு அடியில் 6327 மீட்டர். 1906 ஜூலை 19 அன்று பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் பாதையைத் திறந்துவைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து சரயேவோவில் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு மூண்ட போர் இதே பாதையின் மீதும் வந்து விழுந்தது.

பிளெத் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு நிலையம். மரங்களின் இடைவெளியில் ஏரியும் அதன் நடுத் தீவில் உள்ள தேவாலயமும் சில நொடிகள் தெரிந்து மறைந்தன. வண்டியில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பிறகு சாவா போஹின்கா ஆற்றோடு ஏறி, போஹின்ஸ்கா பிஸ்திரிட்சாவை அடைந்தோம். அங்கே தட்டையான வண்டிகளில் கார்களை ஏற்றி வைத்த ரயில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. மலையைச் சுற்றிப் போகும் சாலை நீண்டது, குளிர்காலத்தில் உயரமான கணவாய்கள் பனியால் அடைபட்டுவிடும். அதனால் கார்க்காரர்கள் தங்கள் வண்டியை ரயிலில் ஏற்றிச் சுரங்கத்தைக் கடந்து மறுபக்கம் பொத்பெர்தோவிலோ மோஸ்த் நா சோச்சியிலோ இறக்கிக்கொள்கிறார்கள். நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன் பேரரசுக்காகக் குடைந்த துளை, இன்று பள்ளத்தாக்கு மக்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் வழியாக இருக்கிறது. ஒரு பாதைக்கு இதைவிட நல்ல முதுமை வாய்க்காது என்று எண்ணிக்கொண்டேன்.

சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படிந்தது. பாறையிலிருந்து நீர் கசியும் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஜல்லி சீக்கிரம் சேறாகும், தண்டவாளத்தின் அடிப்பாதம் துருவேறும், மாதம் தவறாமல் ஆள் நடந்து பார்க்க வேண்டும். இருட்டில் என் எண்ணம் முழுவதும் அந்த ஆட்களைப் பற்றியே இருந்தது.

வெளிச்சத்துக்கு வந்தால் பொத்பெர்தோ. சின்னஞ்சிறு மலை ஊருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய நிலையக் கட்டடமும், புல் முளைத்த பக்கவாட்டுப் பாதைகளும். அதற்குக் காரணம் உண்டு. 1920-இல் இத்தாலிக்கும் புதிய யூகோஸ்லாவியாவுக்கும் இடையே வரைந்த எல்லை இந்த மலையின் முகட்டில் ஓடியது. சுரங்கத்தின் வடக்கு வாய் ஒரு நாட்டில், தெற்கு வாய் இன்னொரு நாட்டில். பொத்பெர்தோவுக்கு இத்தாலியர்கள் பியெதிகோல்லே என்று பெயரிட்டு எல்லை நிலையமாக்கினார்கள். ஒரே பேரரசு குடைந்த துளைக்குள் புகுந்து வெளியே வரும்போது ஆட்சி, நாணயம், பள்ளிக்கூட மொழி எல்லாம் மாறிவிடும் நிலை இருபது ஆண்டுக்கும் மேல் நீடித்தது.

அங்கிருந்து இறக்கம். பாச்சா ஆற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் பாதை ஆற்றை மாறிமாறித் தாண்டுகிறது. மோஸ்த் நா சோச்சியில் சோச்சா ஆறு சேர்கிறது. அதன் நிறத்தை மரகதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது புதிதாக முளைத்த வெட்டிவேர்ப் புல்லின் இளம்பச்சையையும் கடல் நீலத்தையும் கலந்ததுபோல் இருந்தது. இதே ஆற்றங்கரையில்தான் 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் பன்னிரண்டு முறை மோதின. ரயில் அந்த மலைகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் காட்டிக்கொண்டே போகிறது.

நான்காம் நாள்: நோவா கோரிட்சா, சோல்கான்

நேற்று இரவு வந்து சேர்ந்ததால் நிலையத்தை இன்று காலையில்தான் சரியாகப் பார்த்தேன். 1906-இல் கட்டிய நீண்ட, கம்பீரமான கட்டடம். முன்வாசலில் இறங்கி இருபது அடி நடந்தால் இத்தாலி.

கோரீட்சியா பழைய நகரம். அதன் கிழக்கு விளிம்பில் இந்த நிலையம் அமைந்தது. 1947-இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி எல்லை வகுத்தபோது நகரம் இத்தாலிக்கும், நிலையமும் ரயில்பாதையும் யூகோஸ்லாவியாவுக்கும் போயின. நிலையம் கிடைத்தவர்களுக்கு நகரம் இல்லை. அதனால் 1948-இல் தொடங்கி வெற்று நிலத்தில் ஒரு புதிய நகரத்தையே கட்டினார்கள். அதுதான் நோவா கோரிட்சா, அதாவது புதிய கோரிட்சா. ஒரு ரயில்பாதை கையில் இருந்தது என்பதால் ஊர் பிறந்த இடங்கள் உலகில் பல உண்டு. ஊரை இழந்த நிலையத்தின் அருகே ஊரை மறுபடி உண்டாக்கிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் நடுவே முன்பு வேலி இருந்தது. 2004 மே மாதம் ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சதுக்கத்தில் இருந்த வேலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு வட்டத் தகட்டையும் கல்பதிப்பையும் வைத்தார்கள். நான் போனபோது ஒரு பாட்டி தன் பேரனின் இரண்டு கால்களையும் வட்டத்தின் இரண்டு பக்கமும் வைத்து நிற்கச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது, தான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கம் இருந்த அத்தை வீட்டை வேலி வழியாகப் பார்த்துக் கையசைத்ததுண்டு என்று சொன்னார். 2020 மார்ச்சில் தொற்றுக்காலத்தில் சில மாதங்கள் இதே சதுக்கத்தில் மறுபடி வேலி போட்டார்கள் என்பதை அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. இரு நகரங்களும் சேர்ந்து 2025-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்ததை அதே மூச்சில் பெருமையோடு சொன்னார். நிலையத்துக்குள் எல்லையைப் பற்றிய சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் கட்டடத்தின் உச்சியில் இத்தாலியைப் பார்த்து நின்ற பெரிய சிவப்பு நட்சத்திரம் இப்போது அங்கேதான் இருக்கிறது.

பிற்பகலில் ஆற்றோரமாக வடக்கே நடந்து சோல்கான் பாலத்துக்குப் போனேன். இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

நேற்று இதன் மேலேதான் ரயிலில் வந்தேன். மேலிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிறது. ஒரே வளைவு, 85 மீட்டர் அகலத்துக்கு சோச்சாவைத் தாவி நிற்கிறது. வெட்டிய கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய வளைவு இது. முதலில் 80 மீட்டர் என்றுதான் திட்டமிட்டார்கள். கரையின் மண் உறுதி போதாது என்று தெரிந்ததும் தூண்களைப் பின்னுக்குத் தள்ளி 85 ஆக்கினார்கள். ருடால்ஃப் யாவுஸ்னர் வடிவமைத்தார், லியோபோல்ட் ஓர்லி கட்டுமானத்தை நடத்தினார். திரியெஸ்தே அருகே நப்ரெஷினா குவாரியிலிருந்து கொண்டுவந்த சுண்ணக்கல்லில் 4533 கட்டிகளைச் செதுக்கி, மரச்சாரத்தின் மேல் அடுக்கி, வளைவை 18 நாட்களில் மூடினார்கள்.

கல் வளைவைக் கட்டுவதில் ஆபத்தான கட்டம் அடுக்கும்போது அல்ல, சாரத்தை இறக்கும்போதுதான். அதுவரை மரம் தாங்கிய பாரத்தை அந்தக் கணத்திலிருந்து கல்லோடு கல் நெருங்கித் தாங்க வேண்டும். வளைவின் உச்சி சில மில்லிமீட்டர் அமிழும், பிறகு நிலைக்கும். எந்த இரும்பும் இல்லாமல், ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளுவதாலேயே முழுதும் நிற்கிறது. நான் அடித்தூணின் கல்லில் கை வைத்துப் பார்த்தேன். உளி பட்ட வரிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அடிமட்டத்தில் பாசி, அதற்கு மேல் வெயில் பட்ட வெண்மை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்துக் கோட்டின் கனம் கீழிருந்து என் கண் எட்டியவரை மாறவே இல்லை.

ஆனால் நான் தொட்டது 1905-இல் கட்டிய வளைவு அல்ல. 1916 ஆகஸ்டில் கோரீட்சியாவைக் கைவிட்டுப் பின்வாங்கிய ஆஸ்திரியப் படையே வெடிவைத்து வளைவைத் தகர்த்தது. பிறகு இரும்புச் சட்டப் பாலம் ஒன்றைத் தற்காலிகமாக வைத்து ஓட்டினார்கள். போருக்குப் பின் பகுதியைப் பெற்ற இத்தாலியர்கள் மறுபடியும் கல்லாலேயே கட்டுவது என்று முடிவெடுத்து 1927-இல் முடித்தார்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும்: பெரிய வளைவின் தோள் மேல் முன்பு ஐந்து சிறு வளைவுகள் இருந்தன, இப்போது நான்கு. இரும்பு மலிவாகக் கிடைத்த காலத்தில், பகைவர் கட்டிய பாலத்தை அவர்கள் கட்டிய விதத்திலேயே திரும்பக் கட்டிய அந்தப் பொறியாளர்களை நான் மனதார மதிக்கிறேன். மாலை ரயில் மேலே போகும்வரை காத்திருந்தேன். இரண்டு பெட்டி டீசல் ரயில். கீழே அதன் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்: கார்ஸ்ட் மேட்டிலிருந்து கோப்பெர்

நோவா கோரிட்சாவிலிருந்து ஷ்தான்யெல் வழியாக செஷானா, அங்கிருந்து திவாச்சா. கார்ஸ்ட் என்ற இந்தச் சுண்ணக்கல் மேட்டில் மழை பெய்த நீர் மண்ணில் தங்காமல் பாறைப் பிளவுகளில் இறங்கிவிடுகிறது. மேலே ஓடை கிடையாது. கீழே குகைகளும் நிலத்தடி ஆறுகளும். தண்ணீர் இல்லாத மேட்டில் நீராவி எஞ்சினை ஓட்டுவது எப்படி என்பது 1850-களில் பெரும் சிக்கலாக இருந்தது. தென் ரயில்வேயைக் கட்டிய கார்ல் கேகா, நப்ரெஷினாவில் கடலை ஒட்டி ஊறும் நீரை மேலே ஏற்றிக் கொண்டுவர நீரேற்று நிலையம் ஒன்றையே அமைக்க வேண்டியிருந்தது. அடுத்தது புர்யா என்ற வடகிழக்குக் காற்று. குளிர்காலத்தில் பெட்டியைக் கவிழ்க்கும் வேகத்தில் வீசும் இதற்காகப் பாதையோரம் எழுப்பிய கல்சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

திவாச்சாவிலிருந்து கோப்பெருக்கு நேரே பார்த்தால் தூரம் அதிகமில்லை. ரயில் போவதோ சுமார் 45 கிலோமீட்டர். 1876-இல் பூலாக் கடற்படைத் தளத்துக்காக ஆஸ்திரியா போட்ட இஸ்திரியப் பாதையில் தெற்கே போய், ப்ரெஷ்னிட்சாவில் பிரிந்து, மலைமேட்டின் விளிம்பிலிருந்து கடல்மட்டத்துக்குச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 25 மீட்டர் சரிவு. ஒற்றைப் பாதை. எதிரே வந்த சரக்கு ரயிலுக்காக வழி நிலையம் ஒன்றில் நின்றோம். முன்னால் எஞ்சின்கள் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, கன்டெய்னர் வண்டிகள் நடை வேகத்தில் ஏறின. வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தைத் தேய்க்கும் கிறீச்சொலி ரயில் கடந்த பிறகும் மலையில் எதிரொலித்தது. இறங்கும் ரயில்கள் விட்டுப்போன பிரேக் கட்டைச் சூட்டு வாடை காற்றில் இருந்தது. வளைவில் வெளிப்புறத் தண்டவாளத்தின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தேன். தேய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. இப்படிப்பட்ட வளைவில் தண்டவாளம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போட்டே பழகியவன் நான்.

இந்தப் பாதை 1967-இல் வந்தது. திரியெஸ்தே இத்தாலியோடு தங்கிவிட்டதால் ஸ்லோவேனியாவுக்குக் கிடைத்தது 46 கிலோமீட்டர் கடற்கரை மட்டும். அதில் 1957-இல் கோப்பெர் துறைமுகத்தைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே ரயில் இல்லை. 1902-இல் திரியெஸ்தேயிலிருந்து கோப்பெர் வழியாக போரெச் வரை ஓடிய பரென்சானா என்ற 760 மில்லிமீட்டர் குறும்பாதையை 1935-இலேயே மூடிவிட்டிருந்தார்கள். அதன் தடத்தில் இன்று சைக்கிள்கள் போகின்றன. துறைமுகக்காரர்கள் விடாப்பிடியாக நின்று பாதையைக் கொண்டுவந்தார்கள். வியன்னாவுக்காகவோ ரோமுக்காகவோ அல்லாமல், தம் கடலுக்குத் தாமே போட்டுக்கொண்ட முதல் பெரிய பாதை என்று இதைச் சொல்லலாம். இன்று அந்தத் துறைமுகம் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கன்டெய்னர் அலகுகளைக் கையாளுகிறது. சரக்கில் பாதிக்கு மேல் ரயிலில்தான் போகிறது. ஒற்றைப் பாதை அதற்குமேல் தாங்காது.

அதற்கான விடையை இங்குள்ளவர்கள் இரண்டாம் தடம் என்று அழைக்கிறார்கள். பழைய பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடித் தண்டவாளம் என்று பெயர் எண்ண வைக்கும். உண்மையில் அது முற்றிலும் வேறு வழி. 45 கிலோமீட்டர் 27 ஆகச் சுருங்குகிறது. அதில் 20 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம், மொத்தம் ஏழு. சரிவு ஆயிரத்துக்கு 17 மட்டும். சுண்ணக்கல்லைக் குடையும்போது யாரும் அறிந்திராத குகைகள் பல குறுக்கிட்டன. ஒவ்வொன்றையும் குகை ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்து அளந்த பிறகே வேலை தொடர்ந்தது. ரீஷானா ஆற்றின் ஊற்றுதான் கடற்கரை மக்களுக்குக் குடிநீர். 2019 ஜூனில் பழைய பாதையின் சுரங்கம் ஒன்றில் டேங்கர் வண்டி தடம்புரண்டு ஆயிரக்கணக்கான லிட்டர் விமான எரிபொருள் பாறைக்குள் இறங்கியபோது அந்த ஊற்றுக்கு வந்த ஆபத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

இந்தத் திட்டத்துக்காக நாடு இரண்டு முறை வாக்கெடுப்பு நடத்தியது. 2017 செப்டம்பரில் மக்கள் திட்டத்தைக் காத்தார்கள். பிரசாரத்துக்கு அரசுப் பணம் செலவிட்டது தவறு என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் பிரதமர் மீரோ செரார் பதவி விலகினார். 2018 மேயில் மறுபடி வாக்களித்தார்கள், திட்டம் நிலைத்தது. 27 கிலோமீட்டர் ரயில்பாதை ஒரு பிரதமரின் பதவியைப் பறித்தது என்பதை வெளியே கேட்டால் வியப்பாக இருக்கும். இறங்கும் ரயிலிலிருந்து புதிய பாதையின் வெண்ணிறப் பாலங்களைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இல்லை.

ஆறாம் நாள்: போரோவ்னிட்சா

திரும்பும் வழி. பிவ்கா, போஸ்தோய்னா, ராகெக் என்று நிலையங்கள் வந்தன. இரு போர்களுக்கு நடுவே போஸ்தோய்னா இத்தாலியின் எல்லை நிலையமாகவும், அடுத்தடுத்துள்ள ராகெக் யூகோஸ்லாவியாவின் எல்லை நிலையமாகவும் இருந்தன. போஸ்தோய்னா குகைக்குள்ளேயே 1872-இல் தண்டவாளம் போட்டு, பார்வையாளர்களை வண்டியில் உட்காரவைத்து வழிகாட்டிகள் தள்ளிக்கொண்டு போனார்கள்; இன்று மின்சார வண்டி போகிறது. அங்கே இறங்க நேரமில்லை.

இந்த மலைப்பகுதியில் 2014 பிப்ரவரியில் பெய்த மழை விழுந்த இடத்திலெல்லாம் பனிக்கட்டியாக உறைந்தது. கம்பியின் மேல் கை கனத்துக்குப் பனி படிந்து, மின்கம்பிகள் அறுந்தன, கம்பங்கள் மடங்கின, காடு முழுவதும் முறிந்து பாதையில் விழுந்தது. துறைமுகத்துக்குப் போகும் ஒரே பாதை. தண்டவாளத்தை முதலில் மீட்டு, டீசல் எஞ்சின்களைத் திரட்டி ஒரு வருடத்துக்கும் மேல் அவற்றைக் கொண்டே ஓட்டினார்கள். புதிதாக நட்ட கம்பங்களின் வரிசை இப்போதும் அடையாளம் தெரிகிறது. அந்தக் குளிரில் கம்பத்தின் மேல் ஏறி நின்றவர்களின் பெயர்களை எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போரோவ்னிட்சாவில் இறங்கினேன். 1850-இலிருந்து 1856 வரை, கல்லும் செங்கல்லுமாக இரண்டடுக்கு வளைவுகளோடு, 561 மீட்டர் நீளமும் 38 மீட்டர் உயரமும் கொண்ட பெரும் பாலத்தை தென் ரயில்வே இந்தப் பள்ளத்தாக்கில் கட்டியது. 1941 ஏப்ரலில் பின்வாங்கிய யூகோஸ்லாவியப் படை அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. ஆக்கிரமித்த இத்தாலியர்கள் இரும்பால் ஒட்டுப் போட்டார்கள். 1944-இல் நேச நாடுகளின் விமானங்கள் குண்டு வீசின. போருக்குப் பிறகு பாதையைப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போகும்படி மாற்றிவிட்டு, எஞ்சியதை இடித்து அகற்றினார்கள். ரயில் இன்று அந்த வளைவில் அநேகமாகத் திரும்பி வந்த திசைக்கே முகம் காட்டிவிட்டுப் போகிறது.

ஒரே ஒரு தூணை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஊர் நடுவே, வீடுகளுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அருகில் தனியாக நிற்கிறது. அடியில் வெட்டிய கல், மேலே செங்கல். உச்சியில் வளைவு தொடங்கும் இடத்தில் செங்கல் வரிசை சற்றே வெளியே சாய்ந்து, அடுத்த தூணை நோக்கிக் கை நீட்டியதுபோல் நின்றுவிட்டது. இடுக்கில் ஒரு சிறிய செடி வேர்விட்டிருந்தது. பாதைப் பிரிவுக்காரனின் பழக்கத்தில் அதைப் பிடுங்கக் கை போனது, எட்டவில்லை. சுற்றுப்பாதையில் கோப்பெரிலிருந்து கன்டெய்னர் ரயில் ஒன்று வரும் ஓசை கேட்டது. மரங்களுக்கு இடையே அது முழு வளைவையும் சுற்றி முடிக்கும்வரை வண்டிகளை எண்ணிக்கொண்டு அங்கேயே நின்றேன்.